சர்ஃப் போர்டா, பாடிபோர்டா, காற்றடைத்த பலகையா: குமரிக் கடலுக்கு எது ஒத்துவரும்?

மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்ததிலிருந்து நாகர்கோவில் பக்கம் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "நமக்குத்தான் மூணு பக்கமும் கடல் இருக்கே, ஒரு போர்டு வாங்கினா என்ன?" தாராளமாக வாங்கலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கலிபோர்னியாவையும் பாலியையும் மனதில் வைத்து எழுதியவை. புதியவருக்கு எட்டடி ஃபோம் போர்டுதான், அதாவது நின்று பழகும் மென்நுரைப் பலகைதான், என்று எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் நீளும் நம் கரைக்கு அது பாதிதான் பொருந்தும்.

காரணம் அலை உடையும் இடம். நின்று சறுக்கப் பழகுகிறவருக்குக் கரை சரிவு குறைவாக இருக்க வேண்டும். அலை தூரத்திலேயே உடைந்து, வெள்ளை நுரையாக நெடுந்தூரம் உருண்டு வர வேண்டும். நம்மூரில் சொத்தவிளையோ சங்குத்துறையோ போய் நின்று பாருங்கள். பல நாட்களில் அலை முழு உயரத்தோடு கரை வரை வந்து, முழங்கால் ஆழத்தில் மொத்தமாக மடிந்து விழும். மணலே அதிரும். அந்த இடத்தில் எட்டடிப் பலகையின் மூக்கு மணலில் குத்தினால், வால் எழும்பி வந்து ஓட்டுகிறவரின் முகத்திலோ பக்கத்தில் குளிக்கிறவரின் தலையிலோதான் விழும். இது போதாதென்று கடலரிப்பைத் தடுக்க ஊருக்கு ஊர் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள். அவற்றை ஒட்டித் தண்ணீர் வெளியே இழுக்கும். அந்த இழுப்பில் போய்க் கல்லில் மோதினால் மிஞ்சுவது பலகையா ஆளா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

இந்தக் கரையின் ஆட்கள் இதைப் பலகை விற்கிறவர்களுக்கு முன்பே அறிந்தவர்கள். 1980களில் பிளைவுட் வள்ளங்கள் பரவும் வரை இங்கே அலையைத் தாண்டப் பெரிதும் நம்பியது கட்டுமரத்தைத்தான். கயிற்றால் பிணைத்த மரங்களுக்கு இடையே தண்ணீர் வழிந்துவிடும். உள்ளே நிறையவும் நிறையாது, கவிழ்ந்தாலும் முங்காது. சாயங்காலங்களில் கரைப் பொடியன்கள் உரச்சாக்குக்குள் தெர்மாக்கோல் துண்டை வைத்துத் தைத்து, நெஞ்சுக்கடியில் கொடுத்து அலையில் பாய்வார்கள். நிற்கிற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது. அலை எங்கே மடியும் என்று கண்ணால் அளந்து, மடிவதற்கு ஒரு நொடி முன்னால் பின்பக்கமாக நழுவிவிடுவார்கள். என் பார்வையில் நம் மாவட்டத்துக்கு ஏற்ற கருவி அந்தச் சாக்குப் பலகையின் உறவுக்காரன்தான். பாடிபோர்டு.

1971ல் ஹவாயில் டாம் மோரி என்பவர் ஒரு நுரைப் பலகையை வெட்டி உருவாக்கியது இந்த வடிவம். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 43 அங்குலம் போதும். தரையில் நிறுத்தினால் தொப்புள் வரை வர வேண்டும். படுத்தபடியே ஓட்டுவதால் தண்ணீர் அதிகம் தேவையில்லை. முனை மென்மையானது, ஏழெட்டு அலை புரட்டிப் போட்டாலும் பல் போகாது. அஞ்சுகிராமம் பஸ்ஸில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். கண்டக்டர் லக்கேஜ் கேட்கமாட்டார். விலையும் ஃபோம் போர்டில் சிறு பங்குதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் நுரை. மலிவான பலகைகளில் வெறும் தெர்மாக்கோல், ஒரு சீசனில் நடுவே மடங்கிவிடும். அதற்கு மேல் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் என்று இரண்டு வகை. குளிர்ந்த கடலில் பாலிஎத்திலீன் நன்றாக வளைந்து கொடுக்கும். நம் வெதுவெதுப்பான தண்ணீரில் அது தொளதொளத்துப் போகும், ஆகவே பாலிப்ரொப்பிலீன்தான் இங்கே நல்லது. கூடவே காலில் மாட்டும் குட்டைத் துடுப்புகளும் கட்டாயம். அவை இல்லாமல் அலையைப் பிடிக்கும் வேகம் வராது. அதைவிட முக்கியம், இழுப்பில் மாட்டினால் பக்கவாட்டில் நீந்தி வெளியேறத் தெம்பு கொடுப்பது அவைதான். பலகையில் மிச்சம் பிடித்துத் துடுப்பில் செலவழியுங்கள்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கரையிலேயே மடியும் அலையோடு தலைகுப்புறப் போனால் கழுத்து மணலில் அடிபடும். பொடியன்கள் நழுவுகிற அந்த நொடியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, நின்றே ஆக வேண்டும் என்கிறவருக்கு? அப்படியானால் ஃபோம் போர்டுதான், மறுபேச்சில்லை. ஆனால் பழகும் இடத்தை வர்க்கலாவிலோ, கேரளத்துக் கோவளத்திலோ, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பயிற்சிப் பள்ளிகளே போர்டு தருகின்றன. நாலைந்து முறை வாடகைக்கு எடுத்து, எழுந்து நிற்க வந்த பிறகு சொந்தமாக வாங்கினால் போதும். நம் கரையிலும் மணல் திட்டு சேர்ந்து அலை தள்ளி உடையும் வாரங்கள் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை, கரைக்காற்று கடலை நோக்கி வீசும் விடியற்காலையில் பார்த்தால் தெரியும். அந்த வாரங்களுக்காக ஒரு எட்டடிப் பலகையை வருஷம் முழுக்க வீட்டு வராந்தாவில் வைத்திருப்பதா என்பது உங்கள் பாடு, வீட்டாரின் பாடு.

கெட்டிப் பலகைகளில் பெரிய போட்டி இரண்டுக்கு இடையேதான். ஒன்று பாலியூரிதேன் நுரைமேல் பாலியஸ்டர் ரெசின் என்ற இறுகும் பிசினும் கண்ணாடியிழையும் போட்ட பழைய முறை. மற்றது தெர்மாக்கோல் நுரைமேல் எபாக்சி என்ற வேறு ரெசின். கடைக்காரர் எபாக்சியைத்தான் தள்ளுவார். லேசானது, அதிகம் மிதக்கும், சின்ன அடிக்குக் குழி விழாது. எல்லாம் உண்மை. இருந்தும் குமரி மாவட்டத்துக்காரர் பழைய முறைப் பலகையைத்தான் வாங்க வேண்டும் என்பேன். இதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது வெயில். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட் தாது கலந்து கறுப்படித்துக் கிடக்கும். மத்தியானம் கால் வைக்க முடியாது. அதன்மேல் எபாக்சிப் பலகையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், தெர்மாக்கோலில் அடைபட்ட காற்று விரிந்து மேல்தோல் கொப்புளம் போடும். கதவடைத்த காரில் விட்டாலும் இதே கதைதான். காற்று வெளியேற ஒரு சின்னத் திருகு பல பலகைகளில் இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி வெயிலில் போட முடியாது. பாலியூரிதேன் பலகையும் வெயிலில் மஞ்சளாகும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் கொப்புளிக்காது.

இரண்டாவது, பழுது பார்ப்பது. சர்ஃப் போர்டு ரிப்பேர் கடை என்று இங்கே தேடினால் அலைச்சல்தான் மிச்சம். ஆனால் ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிற ஆட்கள் மீன்பிடித் துறைமுகங்களைச் சுற்றித் தாராளமாக இருக்கிறார்கள். கல்லில் மோதிக் கீறிய பலகையைத் தூக்கிக்கொண்டு அப்படி ஒருவரிடம் போனேன். அவர் கீறலைப் பார்ப்பதற்கு முன் விரல் நகத்தால் ஓட்டைக்குள் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, உள்ள என்ன கெடக்குன்னு மொதல்ல சொல்லு. தெர்மாக்கோல்னா நான் தொடமாட்டேன், கரைஞ்சு போவும்." வள்ளத்துக்குப் போடுவது பாலியஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மாக்கோலைத் தின்றுவிடும். மேலே ஒட்டு அழகாக இருக்கும், உள்ளே பொந்தாகிவிடும். என்னுடையது பாலியூரிதேன் என்றதும் ஈரம் காய இரண்டு நாள் நிழலில் வைக்கச் சொல்லி, அப்புறம் கண்ணாடியிழைப் பாய் வெட்டிப் போட்டு உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தார். எபாக்சி வாங்கினால் எபாக்சி ரெசினும் நீங்களே வரவழைத்து வைத்திருக்க வேண்டும்.

காற்றடைத்து நின்று துடுப்பு போடும் பலகைக்கு, அதாவது சப் போர்டுக்கு, அலை வேண்டாம் என்பதால் கணக்கே வேறு. பத்தரை அடிப் பலகை முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். கைப்பம்பால் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வரும் அளவுக்கு ஏற்றினால் கட்டைபோல் விறைக்கும். கடைசி ஐந்து பிஎஸ்ஐக்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பதை விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். இதற்கு மணக்குடிக் காயல் போல வேறு இடமில்லை. பழையாறு கடலில் சேரும் இடம், ஓரத்தில் அலையாத்திச் செடிகள், காலையில் கொக்குக் கூட்டம். ஆனால் பொழிமுகம், அதாவது காயலின் வாய், திறந்திருக்கும் நாட்களில் முகத்துவாரத்தின் பக்கம் போகக்கூடாது, ஓட்டம் கடலுக்குள் கொண்டுபோய்விடும். ஓடும் தண்ணீரில் பலகைக் கயிற்றைக் கணுக்காலில் கட்டாமல், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையில் கட்டுங்கள். கழியிலோ வலையிலோ கயிறு சிக்கினால் கணுக்காலுக்குக் குனிய ஓட்டம் விடாது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அனுபவப்பட்ட மீனவர்களே வள்ளம் கவிழ்ந்து அங்கே உயிர் விட்டிருக்கிறார்கள்.

வட்டக்கோட்டைப் பக்கம் ஜூன், ஜூலையில் கடல் ஏமாற்றும். மேற்கே ஆனி ஆடிக் கடல் கொந்தளிக்கும்போது கிழக்கே கரையோரம் தட்டையாகத் தெரியும். அதே நாட்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. காற்றடைத்த பலகைக்கு எடையே கிடையாது. நிற்கிற ஆளே அதற்குக் காற்றைப் பிடிக்கும் கப்பல்பாயாகிவிடுவார்.

உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகான கயாக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காயலில் சுகம், குடும்பத்தோடு போகலாம். இருபது முப்பது கிலோ கனத்தை யார் தூக்குவது என்பதற்கு மட்டும் பதில் வேண்டும்.

குளிர் தாங்கும் உடையான வெட்சூட்டை வாங்கச் சொல்லும் கட்டுரைகளை அப்படியே மூடிவிடலாம். நம் தண்ணீருக்கு முழுக்கை ராஷ்கார்டு சட்டை போதும், பலகையில் வழுக்காமல் இருக்கத் தடவும் மெழுகில் வெப்பமண்டல வகையை வாங்குங்கள். பலகைக் கயிறு பலகையின் நீளமே இருக்கட்டும். இவற்றையெல்லாம்விட, மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் தெற்கே வெகுதூரத்துப் புயல்கள் அனுப்பும் நீண்ட அலை இங்கே வந்து ஏறும். மீனவர்கள் கள்ளக்கடல் என்பது அதைத்தான். எச்சரிக்கை இருந்த 2024 மே 6ஆம் தேதிதான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. கோடை விடுமுறையும் இந்த அலையும் ஒரே மாதங்களில் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களுக்கென்று பலகை வாங்கத் திட்டமிடுகிறவர்கள் அக்டோபர் வரை காத்திருக்கலாம்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பயிற்சிப் பள்ளிகள் பழைய ஃபோம் போர்டுகளைக் கழித்து விற்பதுண்டு, பேரம் பேசி வாங்கி வைக்கலாம். வாங்குமுன் மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நீளவாக்கில் வாருங்கள். அமுங்கி மெதுவாக எழும் இடத்தில் தோல் பிரிந்திருக்கிறது, அதைப் பேசி விலை குறைக்கலாம். தூக்கினால் அதே அளவுப் புதுப் பலகையைவிடக் கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. அதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.