எஞ்சினோடு சேர்ந்து பாடிய ட்வீற்றர்

என்னுடைய 121 கொரோலா காரின் ட்வீற்றருக்குள் (கீச்சுச் சத்தங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) ஆறு மாதமாக ஒரு நுளம்பு குடியிருந்தது. அக்ஸிலரேற்றரை மிதித்தால் அதன் குரல் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். உப்புவெளி தாண்டி நிலாவெளி வரைக்கும் ஒரே ஙொய்ங். பாட்டைக் கூட்டி வைத்தால் மறைந்துவிடும் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு, ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு செக்கனில் அது "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகும்.

ஆசைப்பட்டு காருக்கு "அக்டிவ்" பாட்டு செட் போட்டதுதான் வினை. சாதாரண செட்டில் சத்தத்தைப் பெருக்கும் அம்பிலிருந்து (அம்ப்ளிஃபயர்) வரும் வயர் ஒரு குரொஸ்ஓவர் பெட்டிக்குள் போய், அங்கே உயர்ந்த சுருதி, தாழ்ந்த சுருதி என்று பிரிந்துதான் ட்வீற்றருக்கும், தாழ்ந்ததைப் பாடும் மிட்பாஸ் ஸ்பீக்கருக்கும் போகும். அந்தப் பெட்டியில் பெரும்பாலும் ட்வீற்றரின் சத்தத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதோடு சேர்ந்து அம்பின் இரைச்சலும் கொஞ்சம் அடங்கிவிடும். அக்டிவில் அந்தப் பெட்டியே இல்லை. பிரிக்கிற வேலையை அம்புக்கு முன்னாலேயே டிஎஸ்பி என்ற டிஜிட்டல் பெட்டி செய்கிறது, ஒவ்வொரு ட்வீற்றருக்கும் அம்பில் தனிச் சனல், வயர் நேராகப் போகிறது. சுத்தமாக இருந்தால் சொர்க்கம்தான். அழுக்கு இருந்தால் அதுவும் அப்படியே காதுக்கு வரும்.

செட் போட்டுத் தந்த முதல் கடைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை "நொய்ஸ் ஃபில்டர்" என்று ஒரு சின்னப் பெட்டியைத் தந்து, ஹெட் யூனிட்டுக்கும் (டாஷ்போர்டில் இருக்கும் ரேடியோ) டிஎஸ்பிக்கும் நடுவில் மாட்டி 1800 ரூபா வாங்கினார்கள். நுளம்பின் விசில் அப்படியே இருந்தது. பாஸ் மட்டும் காணாமல் போனது. (அதற்குள் இருப்பது சின்ன ட்ரான்ஸ்ஃபோமர். மலிவான பெட்டிகளில் அதன் இரும்பு மிகச் சிறியது, தாழ்ந்த சுருதிகளை அதனால் தாங்க முடியாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.)

அப்புறம்தான் திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். ஒரு கதவு, ஒரு மேசை, ஒரு காற்றாடி. நடத்துபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா. காரைப் பார்க்கக்கூட இல்லை, "தம்பி, ராவைக்கு எட்டு மணிக்குப் பிறகு வாங்க. ரோட்டில ஆட்டோ ஓடக்குள்ள எனக்கு இரைச்சல் கேக்காது" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. முதல் கடையில் பக்கத்தில் கிரைண்டர் ஓடும்போது "இப்ப சரிதானே அண்ணன்?" என்று கேட்டவர்கள்.

இரவு போனேன். எஞ்சின் நிற்கும்போது ட்வீற்றரில் வெறும் ஸ்ஸ்ஸ். ஸ்டார்ட் செய்ததும் விசிலும் சேர்ந்தது. "ரெண்டு வருத்தம் தம்பி, ரெண்டுக்கும் வேற வேற மருந்து" என்றார். வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனார், விசில் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்படியானால் ஹெட் யூனிட்டுக்குப் பிறகுதான் எங்கேயோ நுழைகிறது, அது நுழையும் இடத்துக்கு முன்னால் மாட்டிய ஃபில்டர் என்ன செய்யும்? 1800 ரூபாவுக்கு அந்த நிமிடம் கணக்குத் தீர்ந்தது.

அடுத்து, பற்றரி முனைகளில் மீற்றரை ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை அளக்கும் பக்கம்) வைத்துப் பார்த்தார். எஞ்சினோடு சுழன்று பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்டர்நேற்றர் உண்டாக்குவது ஏசி, உள்ளே இருக்கும் டயோட்கள்தான் அதை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குகின்றன. கொஞ்சம் அலை மிஞ்சத்தான் செய்யும், எஞ்சின் வேகம் கூடும்போது அந்த அலையின் சுருதியும் ஏறும். நமது நுளம்பு அதுதான். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாமாம். எனக்கு 0.03 தான். அல்டர்நேற்றர் தப்பித்தது.

பிறகு லாச்சியிலிருந்து இரண்டு பழைய ஆர்சிஏ முனைகளை (ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் பாட்டைக் கொண்டுபோகும் வயரின் முனை) எடுத்தார், நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் பற்றவைத்தவை, செருகினால் அந்த வாய் வழியாக எந்தச் சத்தமும் நுழையாது. கடையில் விற்கிற சாமான் இல்லை, அவரே செய்தது. செட்டை முழுக்க ஓஃப் செய்துவிட்டு (இதில் அவர் கண்டிப்பு: அம்ப் ஓடும்போது ஆர்சிஏயைக் கழற்றினால் ட்வீற்றர் போகலாம், சில ஹெட் யூனிட்டுகளில் ஆர்சிஏயின் எர்த்துக்கு, அதாவது மைனஸ் பக்கத்துக்கு, உள்ள மெல்லிய ஃபியூஸ் எரிந்து அதுவே புது விசிலைக் கொண்டுவரும்) அம்பின் வாயில் அவற்றைச் செருகி ஸ்டார்ட் செய்தார். நிசப்தம். அம்ப் நல்லது. அதே முனைகளை டிஎஸ்பியின் வாயில் செருகினார், விசில் திரும்பி வந்தது. ஆக, டிஎஸ்பியிலா, அல்லது டிஎஸ்பிக்கும் அம்புக்கும் நடுவிலா என்பதுதான் மிச்சம். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் ஆகியிருக்காது, ஒரு சாமானும் மாற்றவில்லை.

டிஎஸ்பி சீற்றுக்குக் கீழே இருந்தது, அதன் எர்த்தை டாஷ்போர்டுக்குப் பின்னால் பழைய ரேடியோ வயரில் முறுக்கியிருந்தார்கள். அம்பின் எர்த் டிக்கியில் ஒரு போல்ட்டில். இரண்டும் காரின் இரும்பு உடல், அந்தப் பொடிதானே என்று நாம் நினைப்போம். ஆனால் அல்டர்நேற்றரின் கரண்ட் அந்தப் பொடி வழியாகத்தான் திரும்பி ஓடுகிறது, அதனால் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவில் சின்ன வோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஆர்சிஏ வயரின் வெளி வலை வழியாக ஓடும்போது அம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும்.

டிக்கியில் அந்த போல்ட்டைக் கழற்றியபோது எனக்கு வெட்கமாகப் போனது. கீழே பெயின்ட் சுரண்டவே இல்லை, அதற்கு மேல் செம்மண் மாதிரித் துரு. கார் நிற்பது திருக்கடலூரில், கடலுக்குக் கூப்பிடு தூரம். நம்ம ஊரில் மூன்று பக்கமும் கடல், ஜன்னல் கம்பியே ஐந்து வருடம் தாங்காது, போல்ட் என்ன பாவம் செய்தது?

ஓம் (மின்தடை) அளக்காமல் வோல்ட் அளந்தார். மலிவு மீற்றரின் வயருக்கே கால், அரை ஓம் இருக்கும், அதை வைத்து நல்ல எர்த் எது கெட்ட எர்த் எது என்று சொல்ல முடியாதாம். பாட்டைக் கூட்டி ஓடவிட்டு, பற்றரி மைனஸுக்கும் அம்ப் மைனஸுக்கும் நடுவில் வைத்தார்: 0.7 வோல்ட். இரும்பு வெளிக்கும்வரை சுரண்டி, புது முனை போட்டு, இறுக்கி, மேலே கிறீஸ் பூசிய பிறகு 0.08. டிஎஸ்பியின் எர்த்தையும் தடித்த வயரில் அதே போல்ட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் செய்து மிதித்தார். நுளம்பு செத்துப்போயிருந்தது.

ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சலுக்கு மருந்து ஒரு ஸ்குரூட்ரைவர். அம்பின் கெயினை (எவ்வளவு பெருக்கவேண்டும் என்று வைக்கும் திருகு) முதல் கடைக்காரர்கள் ஆகக் கூடுதலாகப் பெருக்கும் 0.2 வோல்ட் பக்கம் முழுக்கத் திருகிவிட்டு, டிஎஸ்பியின் அவுட்புட்டை அடக்கி வைத்திருந்தார்கள். டிஎஸ்பி 4 வோல்ட் தரக்கூடியது, அதைக் குடிக்கவிடாமல் அம்பைத் தாகமாக வைத்திருந்தால் அது இரைச்சலைத்தான் குடிக்கும். நானா தலைகீழாக்கினார்: டிஎஸ்பியை உயர்த்தி, அம்பைக் குறைத்தார். இப்போது ட்வீற்றருக்கு ஒரு சாண் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். ஓட்டும்போது யார் அங்கே காதை வைக்கப்போகிறார்கள்?

கூலி 4500 ரூபா, இரண்டு இரவு. இரண்டாவது இரவு என் தப்புக்காக. ஃபோனைச் சார்ஜரில் போட்டபடி ஓக்ஸ் வயரில் கேட்டால் வேறொரு கிர்ர் வந்தது, சார்ஜர் வழியாக இன்னொரு எர்த் சுற்று உண்டாகியிருந்தது. "புளூடூத்தில கேளுங்களேன்" என்று முடித்துவிட்டார். பழைய ஃபில்டர் பெட்டி உண்மையில் இந்த ஓக்ஸ் வயருக்குத்தான் சரி என்றும் சொன்னார், பேச்சு கேட்பதற்குப் போதும், பாட்டுக்கு வேண்டாமாம்.

குறையும் உண்டு. ஃபோன் எடுக்க மாட்டார், பில் கிடையாது, உட்கார ஒரு கதிரைகூட இல்லை. டிஎஸ்பியில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கரின் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது) கேட்டேன், "அது நான் செய்யிறதில்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ட்வீற்றரைக் காப்பாற்ற ஒரு கபாசிட்டர் தொடராகப் போடச் சொல்லியிருக்கிறார், 47 மைக்ரோஃபராட், போலாரிற்றி இல்லாதது. 4 ஓம் ட்வீற்றருக்கு அது கிட்டத்தட்ட 850 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுருதிகளை வெட்டும், டிஎஸ்பிக்குள் என் குரொஸ்ஓவர் 3000இல் இருப்பதால் சத்தம் பெரிதாக மாறாதாம். ஆனால் அவரிடம் சாமான் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார், மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறது.

போகிறவர்கள் வெள்ளி மத்தியானம் போகவேண்டாம், பூட்டியிருக்கும். டிக்கியையும் காலியாக்கிக்கொண்டு போங்கள். நான் மாமி வீட்டுத் தேங்காய் மூட்டையோடு போய், அவ்வளவையும் நடுரோட்டில் இறக்கி வைத்த பிறகுதான் அந்த போல்ட்டையே பார்க்க முடிந்தது.