புற்றுநோயாளிக்குக் கோலாலம்பூரில் கிடைக்கும் உதவிகள்: அலைந்து பார்த்தவளின் விமர்சனம்

கோலாலம்பூரில் புற்றுநோயாளிக்கு உதவியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உதவி நிறையவே இருக்கிறது. ஒரு இடத்தில் கொடுப்பது இன்னொரு இடத்துக்குத் தெரியாது, அதுதான் கோளாறு. நாமே போய்க் கேட்க வேண்டும், அதுவும் வரிசை பார்த்துக் கேட்க வேண்டும், வரிசை மாறினால் கிடைக்க வேண்டியதும் கைநழுவிப் போகும். செந்தூலில் இருக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அரசாங்க மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தது நான்தான், அதனால் எது கைகொடுத்தது, எது இழுத்தடித்தது என்று எழுதி வைக்கிறேன், யாருக்காவது ஆகும்.

முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று போர்டு மாட்டியிருக்கும், மருத்துவ சமூகப் பணிப் பிரிவு. மருந்துக்கு நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது, டாக்டருக்கும் இருக்கிற நெருக்கடியில் இதெல்லாம் ஞாபகம் வராது. சோசியல் வொர்க்கரைப் பார்க்க ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளிதானே (ரிங்கிட்) கட்டுகிறோம், பிறகு என்ன உதவி என்று கேட்கிறவர்கள் உண்டு. பில் சின்னதுதான், சரி. ஆனால் எல்லா மருந்தும் அந்த 5 வெள்ளிக்குள் அடங்கிவிடாது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்கிற வகைக்கு ஒரு வருடம் போடுகிற டிராஸ்டுஸுமாப் மாதிரி விலை கூடிய மருந்தெல்லாம் எல்லா நோயாளிக்கும் உடனே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்பார்கள், அது இந்த மாதிரிச் செலவுக்காகத்தான் இருக்கிறது, விண்ணப்பமும் இந்தப் பிரிவு வழியாகத்தான் போகும். கடன் வாங்கி மருந்தை வாங்கிவிட்டு அப்புறம் ரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் வேலைக்கு ஆகாது. காசு கட்டும் முன்னே போக வேண்டும்.

எங்களைப் பார்த்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். வருமானம் எவ்வளவு என்பதோடு நிறுத்தவில்லை. வீட்டில் சமைப்பது யார், கீமோ போட்டுவிட்டு எதில் வீட்டுக்குப் போகிறீர்கள், மாடி வீடென்றால் லிஃப்ட் ஓடுகிறதா என்றெல்லாம் கேட்டார். லிஃப்ட் கேள்விக்கு அக்கா சிரித்தே விட்டார். எங்கள் பிளாட்டைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். இந்தப் பிரிவுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருப்பதற்கு மட்டும் அரை குறைக்கலாம்.

பெக்கா பி40 என்கிற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டம் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். 2019ல் தொடங்கிய திட்டம், எஸ்டிஆர் என்கிற அரசாங்க உதவித்தொகை வாங்குகிற, 40 வயது நிரம்பிய குடும்பத் தலைவருக்கும் துணைக்கும் உரியது. சுகாதார அமைச்சு மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சையை முடிக்கிறவர்களுக்கு 1,000 வெள்ளி வரை, போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை. பெரிய காசு இல்லைதான். ஆனால் ரேடியேஷன் என்பது வாரத்தில் ஐந்து நாள், அதுவும் வாரக்கணக்கில். தோல் வெந்துபோய் எல்ஆர்டி ரயிலில் இடிபட்டு வர முடியாமல் தினமும் கிராப் கார் போடுகிறபோது அந்த 500ன் அருமை தெரியும்.

இனி வேலை விஷயம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அக்கா ஒரு சின்னக் கம்பெனியில் கிளார்க். விஷயம் தெரிந்ததும் ஆபீசில் எல்லாரும் ரொம்ப அன்பாகப் பேசினார்கள், பழக்கூடை கூட வந்தது, கூடவே "உடம்பப் பாத்துக்குங்க, ராஜினாமா லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, எப்ப வேணும்னாலும் திரும்ப வரலாம்" என்று ஒரு யோசனையும் வந்தது. அக்கா கிட்டத்தட்ட எழுதிவிட்டார். எழுதவே கூடாது. வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுக்க வருடத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 2023லிருந்து அது சாதாரண எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களில் கழியாமல் தனியாகவே கணக்கு. அதைவிடப் பெரிய விஷயம் சொக்சோ, தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது வேலையிடத்தில் கை கால் அடிபட்டால் மட்டும் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் இலாட் பென்ஷன் என்று ஒன்று இருக்கிறது, நோயால் நிரந்தரமாகச் சம்பாதிக்க முடியாமல் போனவர்களுக்கு, 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்கி, சந்தா கட்டிய வருடங்களைப் பொறுத்து 65 வரை போகும். இதற்கு விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்த 40 மாதக் கணக்கில் வெறும் மாதங்கள் ஏறிக்கொண்டே போகும், இரண்டு மூன்று வருடம் கழித்து யாரோ சொல்லி ஓடினால் சந்தா பற்றாமல் போக வாய்ப்புண்டு.

எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள், டாக்டர்கள் குழு ஒன்று நேரில் கூப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யும். குணமாகித் திரும்ப வேலைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் பென்ஷன் கிடைப்பது கஷ்டம், அதைக் குறை சொல்லவும் முடியாது. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை, வேலைக்கே திரும்பிவிட்டார். எங்கள் பிளாட்டில் நுரையீரல் புற்றுநோய் வந்த ஓர் அண்ணனுக்குக் கிடைத்தது, கிடைத்த பிறகுதான் அந்த வீட்டில் வாடகைப் பேச்சு ஓய்ந்தது. வேலைக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு ரிட்டர்ன் டு வொர்க் என்று சொக்சோவில் 2007லிருந்தே ஒரு திட்டம் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடும் நோய்க்கு அதில் அக்கவுன் செஜாத்திரா என்கிற பிரிவுக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம், நோயாளி மட்டுமில்லை, கூடப்பிறந்தவர்களும் தங்கள் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது வயதான காலத்துக்கு வைத்த காசு, மற்ற இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கை வையுங்கள்.

தொண்டு அமைப்புகளில் மக்னா என்கிற தேசியப் புற்றுநோய் மன்றம் 1994லிருந்து இருக்கிறது, வசதியில்லாத நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறார்கள், தகுதி பார்த்துத்தான். தேசியப் புற்றுநோய்ச் சங்கம் அதற்கும் மூத்தது, 1966ல் ஆரம்பித்தது, ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருக்கிறது. வெளியூரிலிருந்து பிள்ளைகளைச் சிகிச்சைக்குக் கூட்டி வருகிற அப்பா அம்மாவுக்கு இலவசமாகத் தங்க இடம் வைத்திருப்பது இவர்களின் பெரிய சேவை. தைப்பிங்கிலிருந்தோ சித்தியவானிலிருந்தோ வருகிற குடும்பத்துக்கு ஹோட்டல் வாடகை மிச்சமாவது சும்மா இல்லை.

எனக்கு மனசுக்குப் பிடித்தது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம்தான். 1986லிருந்து நடக்கிறது, நோயிலிருந்து மீண்ட பெண்களே ஆதரவுக்கு வருகிறார்கள். அக்கா ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு உள்ளாடைக்குள் பஞ்சைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்வார். புடவை கட்டினால் பிளவுஸ் அந்தப் பக்கம் தொங்கிப்போகும், பஞ்சு மேலே ஏறிவிடும், கோயிலுக்குப் போனால் கும்பிடக் கையைத் தூக்கவே யோசிப்பார், முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருப்பார். இங்கே சிலிகான் மார்பும் அதை உள்ளே வைக்கப் பை தைத்த பிராவும் சலுகை விலையில் கிடைக்கின்றன. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு அதன் கனம்தான் ஆச்சரியமாக இருந்தது. ரெண்டு பக்கமும் கனம் சமமாக இருந்தால்தான் தோள் ஒரு பக்கமாகச் சாயாதாம். அளவெடுத்த பெண்மணியும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "நானும் உங்க மாதிரிதான் தங்கச்சி, தொட்டுப் பாத்து எது என்னுதுன்னு சொல்லுங்க" என்றார். அக்கா தொடவில்லை, ஆனால் அதற்கு அப்புறம் வெட்கப்படாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

முற்றிய நோயாளிகளைப் பராமரிக்கிற ஹோஸ்பிஸ் மலேசியா செராஸில் இருக்கிறது, 1991லிருந்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களின் வீட்டுக்கே டாக்டரும் நர்சும் வந்து பார்க்கிறார்கள், கட்டணமே இல்லை. ஹோஸ்பிஸ் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடுகள் நம்மில் நிறைய, அபசகுனம் மாதிரி. வலியைக் குறைப்பதுதான் அவர்களின் முதல் வேலை, அதைத் தள்ளிப்போடுவதில் யாருக்கு என்ன லாபம்? டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்கிற வசதி குறைந்த குடும்பத்துக்கு ஜேகேஎம் (சமூக நல இலாகா) மாதம் 500 வெள்ளி கொடுக்கிறது, அதுவும் தனி விண்ணப்பம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஃபெட்டஸ் பார்க்கில் மவுண்ட் மிரியம் இருக்கிறது, கன்னியாஸ்திரிகள் தொடங்கிய, லாப நோக்கமில்லாத புற்றுநோய் மருத்துவமனை. தனியார் என்று பயந்து ஒதுங்காமல் உதவி நிதி பற்றி விசாரியுங்கள்.

பொதுவாக ஒரு குறை உண்டு. பல இடங்களில் தமிழில் ஒரு தாள் கூடக் கிடையாது. எஸ்டேட்டில் வளர்ந்த வயசாளிகள் மலாய்ப் பாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "தம்பி, இதுல என்ன போட்ருக்கு" என்று கேட்பதைப் பல தடவை பார்த்தேன். ஒரு கவுன்டரில், எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போனது என்று ஒரு பாட்டியைத் திருப்பியே அனுப்பினார்கள். ஆகவே மலாய் படிக்கத் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, இபிஎஃப் கணக்கறிக்கை, கரண்ட் பில், வாடகைச் சீட்டு, டாக்டர் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் சில நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகலை வீட்டுப் பக்கத்திலேயே எடுத்துவிடுங்கள், மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கடையில் பக்கத்துக்கு ரெண்டு மடங்கு வாங்குகிறார்கள்.