பழைய எண்ணா, புதிய எண்ணா?

பழைய வண்ணாரப்பேட்டையில் பல வாசல்களில் இரண்டு எண்கள் இருக்கும்: பழைய எண் 24/3, புதிய எண் 41 என்பதுபோல.

முகவரி தேடி வருபவருக்குப் புதிய எண்தான் கைகொடுக்கும். 39ஐப் பார்த்துவிட்டால், இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எண்ணே வரிசை. மாநகராட்சி மண்டலங்களும் இப்படித்தான்: வடக்கே திருவொற்றியூர் 1, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, தெற்குக் கோடியில் சோழிங்கநல்லூர் 15. வடசென்னையில் எண்ணிக்கை தொடங்குவது எனக்குப் பெருமைதான்.

சரி, பழைய எண்? அது தெருவில் உள்ள இடத்தைவிட, மனை பிரிந்த வரிசையைச் சொல்கிறது. 24 ஒரே மனையாக இருந்திருக்கும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததும் 24/1, 24/2, 24/3 ஆகியிருக்கும். ‘இருபத்துநாலு பை மூணு’ என்றாலே அது எந்த மனையிலிருந்து வந்தது என்று புரிகிறது. 41க்கு அந்த ஞாபகம் கிடையாது. பழைய பத்திரங்களில் இருப்பதும் பழைய எண்தான்.

வழிக்குப் புதியது போதும். ஆனால் பழைய எண்ணை வெள்ளையடித்து மறைத்துவிடாதீர்கள், இரண்டையும் எழுதி வையுங்கள்.