ராகி முறுக்குக்கு வாங்கிய திருகு அச்சு

பிள்ளைகளின் தீனிச் செலவைக் குறைக்கத்தான் இந்த எவர்சில்வர் முறுக்கு அச்சை வாங்கினேன். தருமபுரியில் ஒரு பாத்திரக்கடையில் 480 ரூபாய். கைப்பிடியைச் சுற்றினால் மாவு இறங்கும் திருகு வகை, கூடவே ஐந்து தட்டுகள். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ராகியில் செய்வதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

எங்கள் மாவட்டத்தில் 2023-இல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தார்கள். களி கிண்டினால் பெரியவர்கள் சாப்பிடுவோம், பிள்ளைகள் தொடமாட்டார்கள். அதையே முறுக்காகச் சுட்டால் டப்பா காலி. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ராகி மாவு இறுக்கமாக இருக்கும். கையால் அழுத்தும் பழைய அச்சில் நாலு ஈடு போடுவதற்குள் மணிக்கட்டு விண்டுபோகும். இந்தத் திருகில் அந்தத் தொல்லை இல்லை, அத்தையே உட்கார்ந்தபடி பிழிந்து கொடுத்துவிடுகிறார்.

ராகி மட்டும் போட்டால் முறுக்கு உடையும். அரைக் கிலோ ராகி மாவுக்குக் கால் கிலோ அரிசி மாவு, அரிசி மாவில் பாதியளவு பொட்டுக்கடலை மாவு, எள், சீரகம், மிளகாய்த்தூள், உப்பு, காய்ச்சிய எண்ணெய் இரண்டு கரண்டி. வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். மாவே கறுப்பு என்பதால் நிறத்தை வைத்துப் பதம் தெரியாது. எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் விட்டாலும் கசக்கும்.

இப்போது கணக்கு. பத்து ரூபாய் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். 25 கிராம் என்றால் கிலோ 400 ரூபாய் ஆகிறது. எனக்கு ராகியைக் காசு கொடுத்து வாங்கினாலும், அரவைக்கூலி, கேஸ் எல்லாம் சேர்த்துக் கிலோ 150 ரூபாயைத் தாண்டவில்லை. அதில் பெரிய செலவு கடலெண்ணெய்தான். வீட்டுத் தீனி என்றால் பிள்ளைகள் இரண்டு மடங்கு தின்கிறார்கள், அதுவும் உண்மை. அப்படியும் மிச்சம்தான். உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் வீட்டில் செய்யப் போகாதீர்கள். கிழங்கு சுண்டிப்போய் ஒரு கைப்பிடிதான் தேறும்.

குறையும் சொல்ல வேண்டும். மாவு தளர்ந்தால் உள்ளே அழுத்தும் வட்டத்தின் ஓரமாக மேலே ஏறிவிடுகிறது, திருகுப் புரியெல்லாம் மாவு. குழலில் முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள். முள்ளு முறுக்கு, தேன்குழல், ரிப்பன் பக்கோடாத் தட்டுகள் மூன்றும் அருமை. ஓமப்பொடித் தட்டுதான் சரியில்லை, ஓட்டைகள் ஒரே அளவில் இல்லை, சட்டென்று அடைத்துக்கொள்கிறது. ஓமத்தை ஊறவைத்து அரைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டிச் சேர்த்தும் பெரிதாக மாற்றமில்லை.

கடையிலேயே கைப்பிடியைக் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். வட்டம் தட்டுவரைக்கும் இறங்க வேண்டும். பாதியில் நின்றால் ஒவ்வொரு ஈட்டுக்கும் கொஞ்சம் மாவு உள்ளேயே தங்கிவிடும், வேறு அச்சு கேளுங்கள்.