புத்தகம் தீர்ந்துவிட்டது, உரிமை திரும்பவில்லை

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் கதை நிறைய உண்டு. நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி புரியவில்லை. முதல் புத்தகம், கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று வெட்கம். அந்த வெட்கம்தான் இந்தப் பதிவு.

அந்த வரி இதுதான்: "அச்சு, மின்னணு உள்ளிட்ட, இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான அனைத்து வடிவங்களிலும் நூலைப் பதிப்பிக்கும் உரிமை, நூல் அச்சில் இருக்கும் காலம் வரை பதிப்பகத்தைச் சேரும்."

பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருவரைத் திட்டுவதற்காக எழுதவில்லை, இதே வரி வேறு பலரின் ஒப்பந்தத்திலும் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். அச்சுப் புத்தகத்தை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். சிறுகதைத் தொகுப்பு, 500 பிரதி. முதுகில் என் பெயர் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, போகட்டும். விலையில் 10 விழுக்காடு ராயல்டி, தாமதமாக வந்தாலும் வந்தது. மூன்று ஆண்டில் 500-ம் தீர்ந்தன. எங்கும் கிடைக்கவில்லை என்று வாசகர்கள் கேட்க ஆரம்பித்தபோது மறுபதிப்பு வரும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் முன்பின் தெரியாத ஒரு வாசகர் கடிதம் எழுதினார். "உங்கள் மின்னூலை வாங்கினேன். எழுத்தெல்லாம் உடைந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?"

எழுத்து உடைந்தது இருக்கட்டும், மின்னூல் இருப்பதே எனக்குத் தெரியாது.

தேடிப் பார்த்தேன். இருந்தது. அதே அட்டை, அதே பெயர், போட்டு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மாதிரிப் பக்கங்களைத் திறந்தால் 'கொடி' என்று நான் எழுதிய இடத்தில் ஒற்றைக் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தனியாகத் தொங்குகிறது, அப்புறம் 'கா', அப்புறம் 'டி'. காரணம் எளிது. அச்சுக்கோப்பைப் பழைய எழுத்துரு ஒன்றில் செய்திருக்கிறார்கள். அந்த மாதிரி எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து பதிவாகும், கொம்பு முதலில், மெய் பிறகு. இப்போது எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். மாற்றும்போது யாரும் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. அச்சுப் பக்கத்தின் எண்களையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். என் கதையில் ஒரு வரி இப்படி ஆகியிருந்தது: "அம்மா கதவைத் 47 திறந்தாள்." மதிப்புரை எழுதிய ஒருவர் அந்த 47 எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார். குறியீடு என்று நினைத்துவிட்டார் போல. இன்னொருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "கதை நன்றாக இருக்கலாம், படிக்கத்தான் முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்து மின்னூலைக் கேட்பார்கள், அவர்கள் காதில் இந்த 'கொடி' என்னவாக விழுந்திருக்கும் என்று நினைத்தால்தான் கூசுகிறது.

பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"மின்னூல் போட்டிருக்கிறீர்கள், சொல்லவே இல்லையே சார்?"

"ஒப்பந்தத்தில் இருக்கே சார். அனைத்து வடிவங்களும்."

"கணக்கு?"

"அதை யார் சார் வாங்குறாங்க? இருந்தாலும் அனுப்பச் சொல்றேன்."

இரண்டு மாதம் கழித்து ஒற்றைத் தாள் வந்தது. மின்னூல்: விற்பனை 11 பிரதி. மாற்றுச் செலவு கழித்தது போக ஆசிரியர் பங்கு: 0.

பதினொரு பிரதி விற்ற புத்தகத்துக்கு நட்சத்திரம் கொடுத்தவர்கள் மட்டும் 43 பேர். எண்ணத் தெரிந்தவன் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிற்பான். நானும் நின்றேன். பொய்க்கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் மின்னூல் போடும்போது 'செலக்ட்' என்றொரு திட்டத்தில் சேர்க்கலாம். 90 நாள் கெடு, நாமாக நிறுத்தாவிட்டால் தானாகவே நீளும். அந்தக் காலத்தில் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. நம் சொந்த வலைத்தளத்தில் முழுக்கதையைப் போட்டாலும் மீறல்தான். அதற்குப் பதிலாக மாதச் சந்தா கட்டியவர்கள் புத்தகத்தை இரவல் போல எடுத்துப் படிக்கலாம், படித்த பக்கத்துக்கு ஏற்ப ஒரு பொது நிதியிலிருந்து பணம் வரும். என் புத்தகத்தை அதில்தான் சேர்த்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் படித்திருக்க வேண்டும். ஒப்பந்தத்திலோ எனக்கு ராயல்டி "விற்பனையான பிரதிக்கு". இரவல் எடுத்துப் படித்த பக்கம் விற்பனையான பிரதி ஆகாது. பக்கக் கணக்கில் வந்த பணம் எனக்குக் காட்டவே தேவையில்லாத பணம். எவ்வளவு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கணக்கு அவர்கள் பெயரில், கடவுச்சொல் அவர்களிடம்.

விற்ற 11 பிரதியும் ஏன் பூஜ்யம் ஆனது? அச்சு நூலுக்கு என் பங்கு அட்டையில் போட்ட விலையில் 10 விழுக்காடு. மின்னூலுக்கு 25 விழுக்காடு என்று இருந்ததைப் பார்த்து, பரவாயில்லையே, இரண்டரை மடங்கு என்று சந்தோஷப்பட்டிருந்தேன். ஆனால் அது விலையில் இல்லை, "நிகர வருவாயில்". விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலில் வெளியிடுபவருக்கு 70 அல்லது 35 விழுக்காடு என்று இரண்டு விகிதம். 35 என்றால் பதிப்பகத்துக்கு 35 வரும், அதில் கால்வாசி எனக்கு, அதாவது 8.75. அச்சு நூலுக்குக் கிடைத்த 10-ஐவிடக் குறைவு. இதற்கும் முன்னால் 'மாற்றுச் செலவு' கழிப்பார்கள். கொம்பை உடைத்ததற்கான கூலி.

ஜப்பானில் ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் எழுத்தாளரின் முத்திரை குத்தப்பட்டிருக்குமாம். எத்தனை முத்திரையோ அத்தனை பிரதி, அத்தனைக்கு ராயல்டி. அச்சில் ஏமாற்றினால்கூடக் கையில் எடுத்து எண்ண ஒரு பொருள் இருக்கிறது. மின்னூலில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, பதிப்பாளர் திறந்து காட்டும் திரைதான் கணக்கு.

பணத்தை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். உரிமையைத் திருப்பிக் கொடுங்கள், அச்சுப் பிரதிதான் தீர்ந்துவிட்டதே, நானே சரியாகச் செய்து போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். பதில் ஒரே வரி: "நூல் இன்னும் விற்பனையில் உள்ளது."

அந்த மூன்றாம் பக்கத்து வரி எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். "அச்சில் இருக்கும் காலம் வரை" என்பது காகிதக் காலத்துச் சொல். கிடங்கு காலியானால், மறுபதிப்பு வராவிட்டால், உரிமை எழுதியவனிடம் வந்துவிடும். மின்னூலுக்குக் கிடங்கு ஏது? யாரும் வாங்காவிட்டாலும் அது கடையில் கிடந்துகொண்டே இருக்கும். கேட்கும்போது ஒரு பிரதி அச்சடித்துக் கொடுக்கும் முறையிலும் இதே கதைதான். புத்தகம் தீர்வதே இல்லை, அதனால் திரும்புவதும் இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்த புதுமை இல்லை. 2007-இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற அமெரிக்கப் பதிப்பகம் இதுபோல ஒரு மாற்றத்தைத் தன் ஒப்பந்தத்தில் கொண்டுவரப் பார்த்தது, குறைந்தபட்சம் இத்தனை விற்க வேண்டும் என்ற அளவே இல்லாமல், மின்வடிவில் இருந்தாலே உரிமை தன்னிடம் இருக்கும் என்று. அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான ஆதர்ஸ் கில்ட் வெளிப்படையாக எதிர்த்தது, பதிப்பகம் இறங்கி வந்தது. அதற்கு முன்பு 2001-இல், ரோசெட்டா புக்ஸ் என்ற மின்னூல் நிறுவனத்தின் மீது ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் போட்ட வழக்கு. பழைய ஒப்பந்தங்களில் "புத்தக வடிவில்" என்றுதான் இருக்கிறது, மின்னூல் அதில் அடங்காது என்ற வாதத்தின் பக்கம் நின்று, ராண்டம் ஹவுஸ் கேட்ட தடையை நியூயார்க் நீதிமன்றம் மறுத்தது. அன்று எழுத்தாளர்களைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தில் ஒரு சொல் இல்லாமல் போனது. "அனைத்து வடிவங்களும், இனி வரப்போவதும்" என்று இப்போது எழுதிக்கொள்கிறார்களே, அந்த ஓட்டையைத்தான் அடைக்கிறார்கள்.

ஆகவே கையெழுத்துப் போடப் போகிறவர்களே, மின்னுரிமையை முடிந்தால் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தனியாக, ஆண்டுக் கெடுவோடு கொடுங்கள். "அச்சில் இருக்கும் காலம்" என்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டு மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். ராயல்டி 'விற்பனைக்கு' என்று இருந்தால் 'மின்வடிவில் வரும் எல்லா வருவாய்க்கும்' என்று மாற்றுங்கள், கடை அனுப்பும் மாத அறிக்கையின் நகலும் வேண்டும் என்று சேருங்கள். மின்னூலை வெளியிடும் முன் கோப்பை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் விடாதீர்கள். எனக்கு அனுப்பியிருந்தால் அந்த 47-ஐ நானே ஐந்து நிமிடத்தில் எடுத்திருப்பேன்.

மின்னூல் மேல் எனக்குப் பகை இல்லை. இரவில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவன்தான் நானும்.

ஏழெட்டுக் கடிதத்துக்குப் பிறகு எழுத்துப் பிழையை மட்டும் பாதி சரிசெய்திருக்கிறார்கள். கொம்புகள் இடத்துக்கு வந்துவிட்டன. 47 அப்படியே இருக்கிறது. அடுத்த நாவலுக்கு வேறொரு பதிப்பகம் போன வாரம் ஒப்பந்தம் அனுப்பியது. மூன்றாம் பக்கத்தில் அல்ல, இதில் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. பேனாவால் அடித்து, மேலே இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.