நிமிராத மேற்கோள்குறி: எங்கள் ஆர் கைத்தாளோடு ஐந்து ஆண்டுகள்

மூதூர்த் தோழி ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார்: “ஆர் மென்பொருளுக்கு நீங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கைத்தாள் வைத்திருக்கிறீர்களே, நாங்களும் அப்படி ஒன்று தொடங்கலாமா? அனுபவம் எப்படி?” கேட்ட நேரம் நல்ல நேரமில்லை. இரவு பதினொரு மணிக்கு நான் அதே தாளின் முன் உட்கார்ந்து மேற்கோள்குறிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் அது இரண்டாம் தடவை. அப்போதே பதில் எழுதியிருந்தால் நட்பு முறிந்திருக்கும். ஆறப்போட்டு இப்போது எழுதுகிறேன். முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆர் (R) என்பது தரவுகளை அலசும் இலவச மென்பொருள்; எங்கே இறக்குவது என்பதெல்லாம் வாசிப்பவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கைத்தாள், அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைத் திரட்டிய குறிப்பு, ஏ4 அளவில் ஒரே தாள், இரண்டு பக்கம். 2020 நடுப்பகுதியில் தொடங்கினோம். நான் மழைக் கணக்கும் நெல் கணக்கும் பார்ப்பவன். மருத்துவமனைப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டும் அக்கா ஒருவர், கோணேசபுரி வளாகத்தில் படித்து வெளியேறிய தம்பி ஒருவர், திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் மீன் இறங்குவதைப் பல்லாண்டு எழுதி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். மற்ற மூவர் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் இருக்கிறார்கள். அவர்கள் எட்டிப்பார்ப்பதோடு சரி.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்.

தாளை வைத்திருப்பது, பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஓர் இலவச இணைய எழுதுசெயலியில். அதற்கு அழகுணர்ச்சி அதிகம். நேரான மேற்கோள்குறியைத் தட்டினால் உடனே அதை வளைத்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மாலை போட்டுவிடும். கதை எழுதுகிறவருக்கு அது சிங்காரம். ஆருக்கு அது விஷம். ரீட்.சிஎஸ்வி("மழை.சிஎஸ்வி") என்றால் கோப்பைத் திறக்கும், ரீட்.சிஎஸ்வி(“மழை.சிஎஸ்வி”) என்றால் திட்டிவிட்டு நின்றுவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அச்சில் ஒரு கொசுவின் கால் அளவு. புதிதாகப் படிக்கிற பிள்ளை தாளிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டும், பிழை வரும், தான்தான் மக்கு என்று நினைத்துக்கொள்ளும். எனக்குக் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வசதியை அணைக்கலாம், அணைத்தும் இருக்கிறேன். ஆனால் அணைப்பு ஆளுக்கு ஆள் தனித்தனி. என் கணக்கில் அணைத்தால் ஐயாவின் கணக்கில் அணையாது. ஐயாவின் கணக்கில் அணைத்துக் கொடுத்தால் அவர் பேத்தியின் கைப்பேசியில் திருத்துவார். அந்த விசைப்பலகை தன் பங்குக்கு வளைக்கும். போதாக்குறைக்கு, வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கமும் செயலிக்கு உண்டு. லைப்ரரி என்ற சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஆர் கைவிரித்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை என்பதை நான் இவ்வளவு நன்றியோடு நினைத்ததில்லை.

ஆரையும் இந்த விடயத்தில் முழு யோக்கியன் என்று சொல்ல முடியாது. ஒரு தொகுப்பு (கூடுதல் கட்டளைகளின் பொதி) நிறுவப்படவில்லை என்றால் அந்தத் தொகுப்பின் பெயரை வளைந்த குறிக்குள் வைத்தே நமக்கு அறிவிக்கும். தான் பேசும்போது வளைக்கலாம், நாம் பேசும்போது வளைக்கக்கூடாது! நாய் வாலைக் குழலில் வைத்து நிமிர்த்தப் பார்த்தவன் கதையாக ஐந்து வருடம் போய்விட்டது.

மென்பொருள் மாறுவதால் வரும் வேலை உண்மையில் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில், அட்டவணையின் எழுத்து நிரல்களை (நெடுக்கு வரிசைகளை) தானாகவே வகைக்காரணிகளாக, அதாவது வகைப் பட்டியலாக, மாற்றும் பழைய வழக்கத்தைக் கைவிட்டார்கள். அதை அணைக்கும் கட்டளைதான் எங்கள் தாளின் முதல் வரி. பிறக்கும்போதே கிழடு. 2021 மேயில் 4.1.0 பதிப்போடு |> என்ற குழாய்க்குறி (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குக் கடத்துவது) ஆருக்குள்ளேயே வந்தது. வளாகத் தம்பி ஒரே இரவில் தாளிலிருந்த பழைய குழாய்க்குறி %>% எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மறுநாள் காலை அக்காவின் அலுவலகக் கணினியில் ஒன்றும் ஓடவில்லை. அங்கே இருந்தது பழைய ஆர். இரண்டு வாரம் சண்டை, பிறகு சமாதானம். அட்டவணையை நீட்டவும் அகட்டவும் உதவிய கேதர், ஸ்பிரெட் போய் பிவட்_லாங்கர், பிவட்_வைடர் தாளுக்குள் வந்தபோது யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

ஒரே தாள் என்ற விதியைக் கொண்டுவந்தது 2022. அதற்கு முன் ஆளுக்கு நாலு வரி சேர்த்துச் சேர்த்துத் தாள் ஏழு பக்கத்துக்கு ஊதியிருந்தது. அந்த மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் இலங்கையின் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். போட்டோப் பிரதி விலையைக் கேட்டதும் ஐயா ஐந்து பக்கத்தை வெட்டி எறிந்தார். எந்தப் பதிப்பாசிரியரும் செய்யத் துணியாத வேலை. வெட்டிய பிறகுதான் தாள் தாளாயிற்று. மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. வெளிச்சம் இருக்கும் நேரத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை. அதற்காகத்தான் கைத்தாள் என்று அப்போது எனக்கு உறைத்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் 4.2.0 வந்தது. விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டின் இற்றைப்படுத்தலுக்குப் பிந்திய பதிப்பாக இருந்தால், ஆர் யூனிகோடைத் தன் சொந்த எழுத்துமுறையாகவே எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கு முன் என் மழை அட்டவணையைத் திரையில் அச்சிடச் சொன்னால், திருகோணமலை என்ற ஊர் கோண அடைப்புக்குறிகளும் கூட்டல் குறிகளும் பதினறும எண்களுமாகப் பத்துத் துண்டாக நீளும். மின்சாரம் வந்த ஓர் இரவில் புதிய பதிப்பை இறக்கி, பழைய கோப்பைத் திறந்து, அட்டவணையை அச்சிட்டேன். குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் என்று ஊர்கள் ஊர்களாக வரிசையில் நின்றன. அக்காவை அந்த நேரத்தில் எழுப்பிச் சொன்னேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

இனி ஐயாவின் வரி. அதற்குப் பிறகு ஒரு நாள், மீன் இறங்கிய கணக்கை ஊர்வாரியாக எண்ணிப் பார்த்தவர் என்னிடம் வந்தார். “தம்பி, எனக்குத் தெரியாமல் இன்னொரு திருகோணமலை இருக்கிறதா?” திரையில் திருகோணமலை என்று ஒரு வரி, 41, அதன் கீழே இன்னொரு திருகோணமலை, 17. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சமமா என்று கேட்டால் ஆர் இல்லை என்கிறது. எழுத்துகளை எண்ணச் சொன்னால் ஒன்றுக்கு 10, மற்றதற்கு 11. நாம் எண்ணினால் தி, ரு, கோ, ண, ம, லை என்று ஆறே எழுத்து.

காரணம் ‘கோ’. அதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் ஏகாரக் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரை இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடும். ஐயாவின் பழைய பட்டியல்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டு, பிறகு ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கப்பட்டவை. அவற்றில் ‘கோ’ உடைந்திருந்தது. ஸ்ட்ரிங்கி தொகுப்பில் உள்ள ஸ்ட்ரிஐ_டிரான்ஸ்_என்எஃப்சி என்ற கட்டளையை அந்த நிரலின் மேல் ஒருமுறை ஓட்டினால் உடைந்தது ஒட்டிக்கொள்ளும். இரண்டு திருகோணமலையும் 58ஆகச் சேர்ந்துவிடும். இதைத் தாளின் முதற்பக்கத்தில் கட்டம் கட்டி வைத்திருக்கிறோம். ஆங்கிலக் கைத்தாள்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், இந்த வரிக்கு ஒன்றிலும் முதற்பக்க இடம் கிடைக்கவில்லை. தமிழ்த் தரவில் கை வைப்பவருக்கு ரீட்.சிஎஸ்விக்கு அடுத்துத் தேவைப்படுவது இதுதான்.

ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ‘கோ’வில் சந்தேகம் கொண்ட அதே மனிதர், வளைந்த குறியைக் காட்டினால், “இரண்டும் மேற்கோள்தானே தம்பி” என்கிறார்.

2023இல் நான் பொறுமை இழந்தேன். தாள் முழுவதையும் வெற்று உரைக்கோப்பாக்கி, கிட் களஞ்சியம் ஒன்றில் ஏற்றினேன். அங்கே அழகுணர்ச்சி கிடையாது, குறி வளையாது, யார் எதை மாற்றினார் என்பது வரிவரியாகத் தெரியும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான இடம் அதுதான்; இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஆறு மாதத்தில் அங்கே திருத்தியவர்கள் நானும் வளாகத் தம்பியும் மட்டும். நாங்கள் திருத்தியதெல்லாம் ஒருவர் வரியை மற்றவர். கிண்ணியாக்காரர்கள் எட்டிப்பார்ப்பதையும் நிறுத்தினார்கள். ஐயா கடவுச்சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டு, அந்தத் துண்டைத் தொலைத்தார். புதிதாக ஒரு வரிகூடச் சேரவில்லை. குறிகள் மட்டும் கம்பீரமாக நிமிர்ந்து நின்றன.

பழைய இடத்துக்கே திரும்பினோம். திரும்பிய வாரமே ஐயா ஒரு வரி எழுதினார்: “மீன் வரவில்லை என்பது 0. போய்ப் பார்க்கவில்லை என்பது 0 அல்ல.” கீழே கட்டளை. சராசரி எடுக்கும்போது விடுபட்ட மதிப்புகளைத் தாண்டச் சொல்லும் என்ஏ.ஆர்எம் வரி எல்லோருடைய தாளிலும் இருக்கிறது. தாண்டுவதற்கு முன் எத்தனை விடுபட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். நான் போய் என் மழைக் கோப்பைத் திறந்தேன். மழைமானியை யாரும் வாசிக்காத போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களில் எல்லாம் 0 என்று இருந்தது. நானே தட்டியது. மாரிகாலத்தில், டிசம்பரில், 0. அந்த வருடச் சராசரியை எத்தனை பேருக்கு அனுப்பியிருந்தேன் என்பதைச் சொல்லப்போவதில்லை.

பொதுவான குறைகள் இன்னும் உண்டு. படத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது வழக்கமான கட்டளை தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக்கிவிடும், கெய்ரோ_பிடிஎஃப் வேண்டும் என்ற வரியைத் தாளில் நாலு தடவை யாரோ நீக்கி, நாலு தடவை நான் திரும்பப் போட்டிருக்கிறேன். யார் என்று கேட்டால் மற்ற ஆறு பேரும் கடலைப் பார்க்கிறார்கள்.

ஆக, மூதூர்த் தோழிக்கு என் பதில்: தொடங்க வேண்டாம். மேலே இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். மூதூரில் ஓர் ஐயா கிடைத்தால் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது குறி நிமிர்த்தும் வேலை மட்டும்தான். எங்களுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள், திருத்தவும் வாருங்கள். வரும்போது உங்கள் செயலியில் அந்த அழகுவசதியை அணைத்துவிட்டு வாருங்கள். இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

நேற்று ஐயா இன்னொரு வரி போட்டிருக்கிறார். கிண்ணியா, கின்னியா என்று இரண்டு விதமாக எழுதப்பட்ட ஊர்ப்பெயரை ஸ்ட்ரிங்கியின் ஒட்டுவேலை சேர்க்காது, அது எழுத்துக்கூட்டலே வேறு. பெயர்களைப் பட்டியலிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று உதாரணத்தோடு. நல்ல வரி, கட்டம் கட்ட வேண்டிய வரி. ஊர்ப்பெயர்கள் நான்கு, குறிகள் எட்டு, எட்டும் வளைந்தவை. தாளை லமினேட் செய்யும் கடை ஏழு மணிக்கு மூடிவிடும்.