குடமுருட்டிக் கரையில் ஒரு நடைபாதை

திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டிக் கரையில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் பராமரித்துவரும் நடைபாதையில் சென்ற ஞாயிறு காலை நடந்தேன். கட்டணம் எதுவும் இல்லை. சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, மீண்டும் துளிர்த்துவிடும் என்பதை அறிந்து, தூரோடு தோண்டி எடுத்து, அந்தக் குழிகளை மூடிப் பனங்கொட்டைகளை ஊன்றியிருக்கிறார்கள். சில இடங்களில் விரல் நீளத்துக்குக் குருத்து எழும்பியிருந்ததைக் குனிந்து பார்த்தேன். (பனை காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும், அவசரக்காரர்கள் செய்யும் வேலை அல்ல இது.) குறை என்றால், வழிகாட்டிப் பலகைகள் போதவில்லை, படித்துறையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிய, நான் தவறான கிளையில் திரும்பி யாருடைய வாழைத்தோட்டத்துக்குள்ளோ போய் நின்றேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் வந்து கரையோரம் சேறாகிவிடும் என்பதால், நடக்க விரும்புவோர் அதற்கு முன்பே, வெயில் ஏறுமுன் போய்வருவது நல்லது.